கருவிழிப் பட்டை கட்ட வந்தவள்

வளைகாப்புக்குப் போகிறவர்கள் மனசு நிறைய ஆசியோடு போவார்கள். இலக்கியா மனசு நிறைய வன்மத்தோடு போனாள். நாலு வருஷம் வளர்த்த வன்மம். பெற்ற மகளுக்கு ஊட்டியதைவிட அதற்குத்தான் அதிகம் ஊட்டினாய் என்று யாராவது சொன்னால், அவள் மறுத்திருக்க மாட்டாள்.

யார் மேல் வன்மம், எதற்கு வன்மம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் பட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நமக்கெல்லாம் ஸ்கேன் என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த தேதியில் போய், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக் காத்திருந்து, படுத்து எழுந்து வருவது. இலக்கியாவின் காலத்தில் ஸ்கேன் வீட்டுக்கே வந்துவிட்டது. கையகலத்தில் ஓர் இடுப்புப் பட்டை. அதை ஐந்தாம் மாசத்திலிருந்து வயிற்றோடு கட்டிக்கொண்டால் போதும், உள்ளே கிடக்கும் பிள்ளை போனில் தெரியும். கட்டியவள் போனில் மட்டுமல்ல, அவள் சரியென்று சொன்ன உறவுக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் தெரியும். ஒரு தொடு தொட்டால் அரை நிமிஷம் படம் ஓடும். பிள்ளை கொட்டாவி விடும், விரல் சூப்பும், முகத்தைச் சுளிக்கும்.

அதைக் கண்டுபிடித்து, கம்பெனி வைத்து விற்ற மதுரை டாக்டர் செந்தில்வேலன் அதற்கு வைத்த பெயர் 'கருவிழி'. கருவைப் பார்க்கிற விழி. பெயர் வைப்பதில் மனிதர் கெட்டிக்காரர். இரண்டே வருஷத்தில் வளைகாப்பு என்றால் வளையலோடு பட்டையும் கட்டுவது என்றாகிவிட்டது. பட்டை கட்டாத வீட்டைச் சனங்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இலக்கியாவுக்கும் கட்டினார்கள். முதலில் ஒரு நாளைக்குப் பத்துப் பார்வைதான் என்று கட்டுப்பாடு இருந்தது. பத்து ஆனதும் பட்டை பூட்டிக்கொள்ளும். சனங்கள் முணுமுணுத்தார்கள். ஷார்ஜாவில் இருக்கிற நாத்தனார் பார்க்க வேண்டாமா, திருப்பூர்ச் சின்ன மாமனார் பார்க்க வேண்டாமா? ஒரு தீபாவளிக்கு டாக்டர் பூட்டைக் கழற்றிவிட்டார். 'பார்க்கப் பார்க்கப் பாசம்' என்று ஊரெங்கும் விளம்பரம் வைத்தார்.

கூத்து அங்கேதான் ஆரம்பித்தது. படத்துக்கு மேலே அன்றைக்கு எத்தனை பார்வை ஆனது என்று ஓர் எண் ஓடும். நல்ல காரியம் என்றால் நமக்கு ஒற்றைப்படை வேண்டுமே!

"ஏத்தா, நாப்பத்தெட்டுல நிக்குது பாரு," என்பாள் மாமியார் ஜெயமணி. "ரெட்டப்படையில விட்டுட்டு விளக்கேத்தக் கூடாது. ஒருக்கா அமுக்கு."

இலக்கியா தொடுவாள். நாற்பத்தொன்பது. அதே நொடியில் ஷார்ஜாவிலும் நாத்தனார் அதே எண்ணத்தோடு தொட்டிருப்பாள். ஐம்பது.

"அடியே, யாருடி அது நடுவுல?" என்று போனில் கத்துவாள் ஜெயமணி. "அம்புட்டுப் பேரும் கைய எடுங்க! நான் ஒருத்தி முடிக்கிறேன்." அவள் தொட்டு ஐம்பத்தொன்று ஆகும். திருப்பூர்க்காரர் சும்மா இருப்பாரா? அவர் போனில் எண் மெதுவாகத்தான் வரும். இன்னும் ஐம்பதுதான் என்று நினைத்து அவரும் ஒன்று தொடுவார். வீடே சிரிக்கும். இப்படிச் சிரித்துச் சிரித்து, பிரசவத்து அன்றைக்கு மொத்தக் கணக்கு பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. அதில் இலக்கியாவின் விரலும் உண்டு. அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

பிள்ளை பிறந்தது. நறுமுகை என்று பெயர் வைத்தார்கள். எடை சரி, நிறம் சரி, பால் குடிப்பது சரி. ஒன்றே ஒன்றுதான் சரியில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. தாலாட்டினால் அழுகை நிற்கவில்லை. அம்மா பேசுவதும் தெருவில் லாரி போவதும் அதற்கு ஒன்றாகவே இருந்தது. காது பரிசோதனை செய்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்று வந்தது.

பத்தாம் மாசத்தில் ஒருநாள் அலமாரியை ஒழிக்கும்போது பழைய பட்டை கையில் வந்தது. இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க இலக்கியா அதை ஓடவிட்டுத் தரையில் வைத்தாள். அறையின் அந்த மூலையில் கிடந்த குழந்தை தலையைத் தூக்கியது. தவழ்ந்து வந்தது. பட்டையின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டது. சிரித்தது.

அதுவரை அது யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை, கண்ணுகளா. பெற்றவளைப் பார்த்துக்கூட.

அரசு ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பர்வீன் பானு பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார்.

"ஸ்கேன்ங்கிறது சத்தம்தாம்மா. நம்ம காதுக்கு எட்டாத சத்தம். ஆனா அது துண்டு துண்டாப் போகும். தட்டி, நிறுத்தி, தட்டி, நிறுத்தி. பட்டை உடம்போட ஒட்டியே இருக்கு, பிள்ளையோட காது பக்கத்துல. அந்தத் தட்டல் உள்ள விசில் மாதிரி கேட்டிருக்கும்னு எனக்குத் தோணுது."

"அப்ப ஸ்கேனே எடுக்கக் கூடாதா டாக்டர்?"

"ஐயோ, அப்படி எவகிட்டயும் சொல்லிராதம்மா. டாக்டர் தேவைக்கு எடுக்கிற ஸ்கேன் வேற. அது சில நிமிஷம், அளவோட. அதுல எத்தனை உசிரக் காப்பாத்தியிருக்கோம்! இவங்க செஞ்சது வேற. வேடிக்கை பாக்குறதுக்காக, அளவக் கூட்டி, மாசக்கணக்குல. அஞ்சாம் மாசத்துக்கு மேல பிள்ளை அம்மா குரலப் படிக்கிற காலம். இது அம்மா குரலவிடச் சத்தமாப் பேசியிருக்கு. பிள்ளை எத அம்மான்னு எடுத்துக்கும்?"

"இத எழுதித் தருவீங்களா?"

டாக்டர் பர்வீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோணுதுன்னு எழுதலாம். நிரூபிச்சேன்னு எழுத முடியாதும்மா. அதுக்கு அவங்க பட்டையோட கணக்கெல்லாம் வெளிய வரணும்."

இலக்கியா நேரே டாக்டர் செந்தில்வேலனிடம் போனாள். குளிரூட்டிய அறை, பின்னால் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"தப்பா நினைக்காதம்மா. நீ வேலைக்குப் போறியா?"

"ஆமா சார்."

"அதான். பிள்ளைகிட்டப் பேசறதே இல்லபோல. பேசாத வீட்டுப் பிள்ளைங்க இப்படித்தான் இருக்கும். போய் உக்காந்து பேசு. தாயாப் பேசு. தன்னால திரும்பும்."

பத்து மாசமாகத் தொண்டை கட்டிப் போகிற அளவுக்குப் பேசியவளிடம் சொன்ன சொல் அது. அவளைப் போல முப்பத்திரண்டு தாய்மார் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஆதாரம் எங்கே என்றது கம்பெனி. நாள் ஓடியது. நாலு பேர், ஐந்து பேராக அவர்கள் சோர்ந்து விலகினார்கள். இலக்கியா வேறு வழியில் விலகினாள். யாரென்று தெரியாமலிருக்க அப்பா ஊர் முகவரியைக் கொடுத்து, அதே கம்பெனியில் பட்டை கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள்.

இரண்டு வருஷம் வீடு வீடாகப் போனாள். கட்டினாள், சிரித்தாள், சந்தனம் வாங்கி வந்தாள். எத்தனை வயிற்றில் கட்டினாள் என்று கேட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கட்டும்போதெல்லாம் பின்மூடியைத் திறந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியைக் கடைசி மட்டுக்கும் குறைத்துவிட்டு வருவாள். கூடவே, டாக்டருக்கு ஒரே மகள் என்பதையும், அந்த மகளுக்குக் கல்யாணமானதையும், முழுகாமல் இருப்பதையும் ஒவ்வொன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டாள்.

ஊரில் புகார் கூடிக்கொண்டிருந்த நேரம். டாக்டர் ஒரு காரியம் செய்தார். 'என் பேரப்பிள்ளைக்கும் கருவிழிதான்' என்று அறிவித்து, மகள் மிருதுளாவின் வளைகாப்பை ஊரே போனில் பார்க்க ஏற்பாடு செய்தார். பட்டை கட்டப் போகிற ஆளாக, கைராசிக்காரி என்று பேரெடுத்த இலக்கியாவை அனுப்பினார்கள்.

அவள் திட்டம் சிறியது. திருகாணியைக் குறைக்கத் தெரிந்தவளுக்குக் கூட்டத் தெரியாதா? கடைசி வரை கூட்டி, நிறுத்தும் பொத்தானின் கம்பியை நறுக்கிவிட்டால், கழற்றும் வரை பட்டை முழுப் பலத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நாலு மாசம். அப்புறம் செந்தில்வேலன் தன் பேரப்பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து பேசட்டும். தாத்தாவாகப் பேசட்டும்.

அழகர்கோயில் ரோட்டில் பெரிய மண்டபம். வாசலில் கால் வைத்ததும் மிருதுளாவே எதிரில் வந்தாள். இன்னும் அலங்காரம் முடியவில்லை, தலையில் பாதிப் பூ.

"நீங்கதான் பட்டை அக்காவா? சாப்டீங்களா?"

"அப்புறம் சாப்பிடுறேம்மா."

"அப்புறம்னா புளிச்சோறுதான் மிஞ்சும். தேங்காச்சோறு இப்பவே காலி. என் வீட்டுக்காரர் பக்கத்து ஆளுங்க ஒரு பிடி பிடிக்கிறாங்க." அவளே ஒரு தட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குக்கா. வலிக்குமா?"

"வலிக்காது," என்றாள் இலக்கியா. தேங்காய்ச் சோற்றில் ஒரு வாய் தின்றாள். இவள் கெட்டவளாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

பட்டையை டாக்டரின் மானேஜர் உறையோடு கொண்டுவந்து கொடுத்தார். "எல்லாம் செட் பண்ணியாச்சு. நீ ஒண்ணும் தொடாத. மேடையில கட்டு, அது போதும்."

"சரி சார்."

மணப்பெண் அறைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை. உள்ளே போய்த் தாழ் போட்டாள். வெளியே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்மூடியைத் திறந்து திருகாணியில் திருப்புளியை வைத்தாள். கை ஒரு கணம் நின்றது. நிற்கத்தான் நின்றது. நறுமுகை பட்டையின் மேல் கன்னத்தை வைத்துச் சிரித்த சிரிப்பு கண்ணில் வந்தது. திருகினாள்.

திருகாணி வழுவழுவென்று சுற்றியது. பிடிப்பே இல்லை. மறுபடி திருகினாள். காற்றில் சுற்றுவது போலச் சுற்றியது. உள்மூடியையும் நெம்பினாள்.

சத்தம் எழுப்புகிற தகடு இருக்க வேண்டிய இடத்தில், அளவாக வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டு இருந்தது. பக்கத்தில் விளக்கு எரிய ஒரு பேட்டரி. வேறொன்றும் இல்லை. இலக்கியா தன் போனில் அந்தப் பட்டையின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். பட்டை இன்னும் யார் வயிற்றிலும் கட்டவில்லை. போனில் ஒரு பிள்ளை அழகாகக் கொட்டாவி விட்டது. எந்தக் காலத்திலோ எவள் வயிற்றிலோ எடுத்த படம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இத்தனை நாளும் அவள் அந்த ஆளை அறியாதவன், பேராசைக்காரன், தலைக்கனம் பிடித்தவன் என்றெல்லாம் நினைத்திருந்தாள். தெரியாமல் செய்தவன் என்ற ஓர் ஓரம் அவள் மனசில் இருந்தது. இப்போது அந்த ஓரமும் போயிற்று. அவருக்குத் தெரியும். பேசாத வீட்டுப் பிள்ளை என்று சொன்ன அன்றைக்கும் தெரிந்திருக்கும்.

மூடிகளை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மேடையில் மிருதுளாவின் கை முழங்கை வரை கண்ணாடி வளையலாக இருந்தது. சுற்றிலும் கேமரா. டாக்டர் சட்டையில் மைக் குத்தியிருந்தார். முன்வரிசையில் விளம்பரத்துக்காகவே அழைத்துவந்த ஐந்து கர்ப்பிணிகள், ஐந்து பேர் இடுப்பிலும் கருவிழி.

"பாருங்க, எம்பொண்ணு உங்க எல்லாருக்கும் பொண்ணு மாதிரி," என்று டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். "எம்பொண்ணுக்குக் கொடுக்காதத நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

கூட்டம் கை தட்டியது. டாக்டரின் தங்கை புவனா இலக்கியாவைப் பார்த்துச் சிரித்தாள். "என்னத்தா, கண்ணு இப்படிச் சிவந்திருக்கு? ஒனக்கா வளைகாப்பு?"

எல்லாரும் சிரித்தார்கள். இலக்கியாவும் சிரித்தாள். பட்டையை மிருதுளாவின் வயிற்றின் மேல் வைத்து, விரலால் தடவிப் பார்த்து, நிமிர்ந்தாள்.

"சார், இந்தப் பட்டை வேலை செய்யலை."

"படம் தெரியுதே, கட்டும்மா," என்றார் டாக்டர், சிரிப்பு மாறாமல்.

"படம் தெரியுது சார். துடிப்பு வரலை. ஓடுற பட்டையில விரல வச்சா எறும்பு ஊருற மாதிரி இருக்கும். உங்களுக்குத் தெரியாததா? பரவால்ல, மாத்துப் பட்டை இருக்கு." பட்டை கட்டப் போகிற எவளும் பையில் இன்னொன்று வைத்திருப்பாள், கம்பெனி விதி அது. எடுத்தாள். ஜெல்லைத் தடவினாள். ஓடவிட்டாள். விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது.

மிருதுளா தானாகவே சேலையை ஒதுக்கிக் கொடுத்தாள்.

பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. இலக்கியா டாக்டரைப் பார்த்தாள். மெதுவாகக் கொண்டுபோனாள். மூன்று விரல். இரண்டு.

"அத வைக்காத!"

மைக்கில் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. நாதஸ்வரம் நின்றது.

"ஏண்ணே?" என்றாள் புவனா. "ஏன் வைக்கக் கூடாது?"

"அது... அது பழைய பட்டை."

"புதுசு சார்," என்றாள் இலக்கியா. "போன வாரம் வந்த பெட்டி. உங்க கையெழுத்து இதோ ஒட்டியிருக்கு."

டாக்டர் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினார். கையிலிருந்து நழுவி அது விழுந்து, மேடைப் பலகையில் விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு கர்ப்பிணி எழுந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், சின்னவள்.

"சார், என் வயித்துல கிடக்கறதும் அந்தப் பெட்டியில வந்ததுதானே? எனக்கு வைக்கலாமா?"

இலக்கியா முதல் பட்டையின் மூடிகளைத் திறந்து, ரப்பர்த் துண்டை இரண்டு விரலால் எடுத்து, கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

"இதுதான் டாக்டர் தம்பொண்ணுக்குக் கொடுத்தது," என்றாள். "எம்பொண்ணுக்குக் கொடுத்தது அந்தா கீழ ஓடுது. அவளுக்கு நாலு வயசு. என் குரல் எதுன்னு அவளுக்குத் தெரியாது. நான் அவகிட்டப் பேசறதில்லன்னு இவர் சொன்னாரு."

மிருதுளா எழுந்து நின்றாள். வளையல்கள் ஒன்றோடொன்று மோதின.

"அப்பா, எனக்கு மட்டும் ஏன் வெறும் பட்டை?"

செந்தில்வேலன் மைக்கைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார். விரல்கள் ஊசியைத் தேடின. அகப்படவில்லை.

நாலு வருஷமாக இலக்கியா ஆசைப்பட்ட முகம் அது. மனிதர் ஒரே நிமிஷத்தில் சுருங்கிப் போய் நின்றார். அவள் ஆசை தீரப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. இனிப்புத் தின்பதுபோல இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போதுதான் மிருதுளா இவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பட்டை கட்ட வர்றவங்க உறையப் பிரிச்சு அப்படியே கட்டுவாங்க. நீங்க எதுக்கு மூடியத் திறந்தீங்க?"

கேமராக்கள் இலக்கியாவின் பக்கம் திரும்பின. பொய் ஒன்றும் கிடைக்காமல் இல்லை. சந்தேகம் வந்தது என்று சொல்லலாம். சோதித்துப் பார்த்தேன் என்று சொல்லலாம். ஊர் நம்பும், மெச்சும்.

"திருகிக் கூட்டத்தான் திறந்தேன்," என்றாள். "எம்பிள்ளைக்கு என்ன ஆச்சோ அது உம்பிள்ளைக்கும் ஆகணும்னு."

புவனா வாயைப் பொத்திக்கொண்டாள். மிருதுளா அசையவில்லை.

"அப்பா கத்தலேன்னா? அந்த இன்னொண்ண வச்சிருப்பீங்களா?"

இலக்கியா தன் விரல்களைப் பார்த்தாள். ஜெல் காய்ந்து தோலோடு இழுத்துக்கொண்டிருந்தது.

"வச்சிருப்பேன்."

மிருதுளா இரண்டு கையாலும் சேலையை வயிற்றின் மேல் இழுத்து மூடிக்கொண்டாள். அப்பாவையும் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே நடந்து, படியிறங்கி, முன்வரிசைக்குப் போனாள். அங்கே அந்த உசிலம்பட்டிப் பெண் இடுப்பின் பின்புறம் கைவிட்டுப் பட்டையின் ஒட்டுப் பிடியைப் பிய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை எட்டவில்லை. மற்ற நாலு பேரும் தங்கள் இடுப்பைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"திரும்பு," என்றாள் மிருதுளா. அவள் பின்னால் மண்டியிட்டு, பட்டையைப் பர்ரென்று பிரித்தாள். பிறகு அடுத்தவளிடம் நகர்ந்தாள்.